வள்ளியம்மா பேராண்டியும் நம் தோட்டத்துப் பாட்டுகளும்



நாட்டுப்புறப் பாடலின் தன்மைகளைக் கேட்டால் நம் மாணவர்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். வாய்மொழியாகப் பரவுவது, எளிய நடை, திரும்பத் திரும்ப வரும் அடிகள், பேச்சு வழக்குச் சொற்கள், ஆசிரியர் பெயர் அறியப்படாதது. ஐந்து புள்ளி எழுதினால் ஐந்து புள்ளி கிடைக்கும், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். நானும் பல ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லிக் கொடுத்து வந்தேன். ஒரு நாள் படிவம் 4 வகுப்பில், பின் வரிசையில் எப்போதும் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும் பையன் கை தூக்கினான்.

"டீச்சர், அறிவு பாடுறாரே, அதெல்லாம் நாட்டுப்புறப் பாட்டு இல்லையா? ஒப்பாரி மாதிரியே இருக்கு. ஆனா பேரு தெரியுதே?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், என்னிடம் பதில் இல்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாடல்களைக் கேட்டு, கொஞ்சம் படித்து, வகுப்பில் இரண்டு முறை பயன்படுத்தியும் பார்த்தபின் எழுதும் கட்டுரை இது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். அறிவு என்று அறியப்படும் அறிவரசு கலைநேசன் தமிழ்நாட்டில் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடியவர். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. மின்கித்தாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் இன்னொரு பக்கம், நடுவில் வடசென்னைக் கானா. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய அடையாளத்திலிருந்துதான் குழுவின் பெயரே வந்தது. 2019-இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குரல்' வெளியிட்டார். 2021 மார்ச்சில் 'எஞ்ஜாய் எஞ்சாமி' வந்தது, சில மாதங்களில் பத்துக் கோடிப் பார்வையைத் தாண்டியது. அதன்பின் 2024-இல், தன் பெயரிலேயே முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.

வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஏன் ஒரு பேரன் பாட்டியின் பெயரை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது புரியாது. இலங்கை 1948-இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனுசங்களைத்தான் சொல்கிறேன், மூட்டையை அல்ல. மலைகளில் காட்டை அழித்து, குளிரிலும் அட்டைக் கடியிலும் தேயிலை வளர்த்தவர்கள், தாங்கள் பார்த்தே இராத 'சொந்த ஊருக்கு' கப்பல் ஏறினார்கள். நீலகிரியில் சிலருக்கு மறுபடியும் தேயிலைத் தோட்ட வேலையே கிடைத்தது. அங்கே ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதை இல்லை. லயம், கங்காணி, பெரட்டு, கிராணி, துரை என்ற சொற்கள் மலையகத்திலும் உண்டு, ஜாசின் பக்கத்திலும் உண்டு. அங்கே கொழுந்து, இங்கே பால். மலேசியாவில் வணிக ரப்பர் தோட்டம் தொடங்கிய இடமே நம் மலாக்காதான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மங்கு, உளி, காண்டா, ஒட்டுப்பால் எல்லாம் அந்த மரத்தோடு வந்த சொற்கள். இன்று என் வகுப்பில் 'மங்கு' என்றால் என்ன என்று கேட்டால் முப்பது பேரில் நான்கு பேருக்குத் தெரிகிறது. அதில் ஒருவன் சாப்பிடுகிற கிண்ணம் என்கிறான். மலாய் மொழியில் அவன் சொல்வதும் சரிதான்!

இப்போது தொகுப்பின் தலைப்புக்கு வருவோம். தமிழாசிரியராக எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தலைப்புதான். 'பேரன்' என்ற சொல்லின் பழைய வடிவம் 'பெயரன்'. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். வழக்கமாக ஆண்வழிப் பெயர்தான் இறங்கி வரும். இங்கே பாட்டியின் பெயரை ஒருவன் தன் முதல் தொகுப்பின் நெற்றியில் எழுதியிருக்கிறான். இன்னொன்று, 'பேராண்டி' என்பது பேரன் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் சொல் அல்ல, "வாடா பேராண்டி" என்று பாட்டி கூப்பிடும் சொல். ஆக, தலைப்பைப் படிக்கும்போதே கேட்பது பாட்டியின் குரல். தலைப்பின் பொருத்தத்தை விளக்குக என்று கேள்வி வந்தால் இதை எழுதலாம்.

இந்த இசையை எந்த வகையில் வைப்பது? 'நாட்டுப்புற ராக்' என்று ஒரு பெயர் உலகில் உண்டு. மக்கள் பாடிவந்த பழைய மெட்டையோ பாடும் முறையையோ எடுத்து, மின்கித்தார், பேஸ், டிரம்ஸ் வைத்துப் பாடுவது. 1965 வாக்கில் அமெரிக்காவில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கித்தாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நாட்டுப்பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று கோபம். பின்னாளில், 2016-இல், அதே ஆளுக்கு இலக்கிய நோபல் பரிசு.

டிலனுடைய முதல் தொகுப்பு 1962-இல் வந்தது. பதின்மூன்று பாடல்கள், அவரே எழுதியவை இரண்டே இரண்டு. மற்றவை பழைய பாடல்கள், பிறர் பாடிய பாடல்கள். அந்த இரண்டில் ஒன்று, தனக்கு முன்னே பாடிய உட்டி கத்ரி என்ற மூத்த பாடகரை விளித்துப் பாடியது. மெட்டும் அந்த மூத்தவருடைய மெட்டே. தானே எழுதித் தானே பாடும் கலைஞன் என்று உலகமே சொல்லும் ஒருவர், முதல் அடி எடுத்து வைத்தது கடன் வாங்கிய மெட்டில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுப்பாட்டு அப்படித்தான் நடக்கும்.

தமிழில் இது புதிதும் இல்லை. தொல்காப்பியர் 'பண்ணத்தி' என்று ஒன்றைச் சொல்கிறார், மக்களிடம் வழங்கிய இசைப்பாட்டு என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். இளங்கோவடிகள் அம்மானை, ஊசல், வள்ளை எல்லாவற்றையும் காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் பண்ணையாள் நந்தனாரைப் பாட நாட்டுப்புற மெட்டுகளை எடுத்தார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். பாரதி குடுகுடுப்பைக்காரனின் பாணியையே எடுத்துக்கொண்டான். எல்லாமே பெயர் தெரிந்த புலவர்கள் பெயர் தெரியாத மக்களின் அச்சில் வார்த்தவை. நம் மண்ணிலும், யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது தமிழ்ச் சொல்லிசை தமிழ்நாட்டுக்கே இங்கிருந்து போனது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முகம் மலரும்.

அறிவின் தொகுப்பைக் கறாராக 'ராக்' என்று எழுதிவிட முடியாது. ராப் இருக்கிறது, கானா இருக்கிறது, ஒப்பாரியின் இழுப்பு இருக்கிறது, அம்பஸ்ஸா என்ற அவர் குழுவின் வாத்தியங்கள் இருக்கின்றன. தேர்வில் 'நாட்டுப்புற இசையின் மரபைப் பின்பற்றும் புத்திசைப் பாடல்' என்று எழுதினால் தவறு சொல்ல முடியாது. 'திரைப்பாடல்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'எஞ்ஜாய் எஞ்சாமி' உட்பட இவை எந்தப் படத்துக்கும் எழுதப்பட்டவை அல்ல. என் மாணவர்களில் பாதிப் பேர் இந்தத் தவற்றைச் செய்தார்கள்.

கேட்கும்போது எதைக் கவனிக்கச் சொல்வது? நான் மூன்றை மட்டும் சொல்வேன். முதலாவது விளி. நாட்டுப்புறப் பாட்டு யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாமனை, மகனை, செத்தவனை, சாமியை. 'எஞ்சாமி' என்ற சொல்லையே பாருங்கள். நிலம் இல்லாத உழைப்பாளி நிலக்காரரைப் பார்த்துக் கைகட்டிச் சொன்னதும் அந்தச் சொல்தான், பாட்டி பேரனைக் கொஞ்சுவதும் அதே சொல்தான். இரண்டாவது அடுக்கு. செடி, கொடி, பறவை, பிராணி என்று பெயர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கண்ட வழி அது. மூன்றாவதுதான் முக்கியம், ஒப்பாரியின் திருப்பம். ஒப்பாரி செத்தவரைப் புகழ்ந்து தொடங்கும். ஆனால் பாதியில் பாடுகிறவள் தன் கதைக்கு வந்துவிடுவாள். மாமியார் செய்தது, அண்ணன் தம்பி சொத்துத் தராதது, துரை ஏசியது எல்லாம் வரும். சாதாரண நாளில் வாய் திறந்தால் அடி விழும் விஷயத்தை அன்றைக்கு நடுவீட்டில் உட்கார்ந்து சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அறிவின் பாடல்களில் நிலத்தைப் பற்றிய கோபம் துக்கத்தின் ஊடே வருவது இந்த மரபிலிருந்துதான்.

வகுப்பில் போடுவதற்குமுன் ஆசிரியர்கள் ஒருமுறை முழுக்கக் கேட்டுவிடுங்கள். சாதியைப் பற்றி நேரடியாகப் பேசும் பாடல்கள் உண்டு. அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை, கேள்வி வந்தால் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்கிறேன்.

சரி, பையனின் கேள்வி. பேர் தெரிந்தால் நாட்டுப்பாட்டு இல்லையா?

இதற்கு 'எஞ்ஜாய் எஞ்சாமி'க்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, அந்தப் பாட்டை ஒட்டிய அட்டைப்படத்தில் பாடகி தீயையும் கனடாத் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. எழுதியவரான அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பினார்கள், பிறகு மின்னிதழ் அட்டையில் அறிவு வந்தார். 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தான் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ். பழைய ஒப்பாரி அடிகள் பாட்டில் கலந்திருப்பதையும் குறிப்பிட்டார். 2024-இல், அந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்றும் அவரே சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. இவ்வளவு பேர் தெரிந்த, கேமராவும் ஒப்பந்தமும் இருந்த ஒரு பாட்டிலேயே 'யாருடையது' என்று இவ்வளவு சண்டை என்றால், அந்தப் பழைய ஒப்பாரி அடிகளை முதலில் கட்டியவள் யார்? அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே?

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். பட்டமேற்படிப்பு டிப்ளோமா படித்த காலத்தில் நாட்டுப்புற இலக்கியத்துக்கு ஓர் இடுபணி இருந்தது, களப்பணி செய்து இரண்டு பாடல் சேகரிக்க வேண்டும். நான் அலையவில்லை, நேராக என் பாட்டியிடம் போனேன். அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டபின் தாமானில் என் சித்தி வீட்டில் இருந்தார்.

"பாட்டி, ஒரு ஒப்பாரி பாடுங்க, எழுதிக்கறேன்."

"வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதுடி. யாரு செத்தா?"

வாசலில் உட்கார்ந்து பாடச் சம்மதித்தார். பாட்டில் நடுவே 'சயாமு' என்ற சொல் வந்தது. ஏன் என்று கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தன் அப்பா திரும்பி வரவில்லை என்றும், சடலம் இல்லாமல் அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து தானே கட்டிப் பாடிய பாட்டு இது என்றும் சொன்னார். 1942, 1943-இல் அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லாருமே படிக்கிறோம்.

இடுபணித் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் என் கையெழுத்தில் இருப்பது: 'வகை: ஒப்பாரி. இடம்: மலாக்கா. ஆசிரியர்: அறியப்படவில்லை.' பாடநூல் அப்படிச் சொன்னது, நானும் எழுதினேன். எதிரில் உட்கார்ந்து ஆசிரியர் யாரென்று சொன்னவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. பாட்டி போய் எட்டு வருடம் ஆகிறது. தாளில் பதினோரு அடி இருக்கிறது, மெட்டு இல்லை. கைப்பேசி அப்போதும் என் பையில்தான் இருந்தது.

ஆகவே இப்போது அந்தப் பையனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். 'ஆசிரியர் பெயர் அறியப்படாதது' என்பதைத் தேர்வில் எழுது, புள்ளி உண்டு. ஆனால் கூடவே ஒரு வரி சேர்: பாடல் பலர் வாயில் புழங்கிப் புழங்கி மாறுவதால் முதலில் கட்டியவர் பெயர் மறைந்துவிடுகிறது. பெயரே இல்லாமல் எந்தப் பாட்டும் பிறப்பதில்லை. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளையும், தமிழ்நாட்டில் நா. வானமாமலையும், நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமியும் தேடித் தொகுத்ததால் பாட்டாவது மிஞ்சியது. 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்ற முத்தம்மாள் பழனிசாமியின் நூலைப் பள்ளி நூலகத்தில் வாங்கி வையுங்கள்.

மலாக்காவில் இருப்பதால் இன்னொன்றும் மனத்தில் ஓடுகிறது. காஜா பெராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள் நம்மைவிடப் பல நூற்றாண்டு முன்னே வந்தவர்கள். கோயிலும் பொங்கலும் அவர்களிடம் இருக்கிறது, வீட்டு மொழி மலாய். மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசியர், செட்டி என நான்கு சமூகமும் பாடும் டொண்டாங் சாயாங் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வயலினும் ரெபானாவும் வாசிக்க, இருவர் மாறி மாறி அந்த இடத்திலேயே பந்துன் கட்டிப் பாடுவது. நம் தெம்மாங்கில் ஆணும் பெண்ணும் எசப்பாட்டு பாடுவது போல. அவர்கள் பாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள், தமிழ் போய்விட்டது. நம்மிடம் தமிழ் இருக்கிறது, பாட்டு போய்க்கொண்டிருக்கிறது. செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குப் போனால் உறுமி மேளம் அடிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், தாளம் பிசகுவதே இல்லை. அவர்களில் எத்தனை பேருக்குத் தன் பாட்டி பாடிய ஒரு முழுப் பாட்டு தெரியும்? அந்தத் தாளத்தை வகுப்புக்குக் கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் செய்தது எளிமையானது. முதல் பாடவேளையில் அறிவின் ஒரு பாடலைக் கேட்டோம், விளி, அடுக்கு, திருப்பம் மூன்றையும் அடையாளம் கண்டோம். வீட்டுப்பாடமாக, பாட்டியோ பெரியம்மாவோ பக்கத்து வீட்டு அம்மாவோ யாரிடமாவது ஒரு பாட்டைக் கைப்பேசியில் பதிய வேண்டும். அனுமதி கேட்டுப் பதிய வேண்டும். பதிவின் தொடக்கத்தில் பாடுகிறவர் தன் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். கோப்புக்கு அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும், 'நாட்டுப்புறப்பாடல் 1' என்று வைத்தால் ஏற்கமாட்டேன். அடுத்த வாரம், கிடைத்த தகவலை வைத்து மாணவர்கள் தாங்களே நான்கு அடி கட்டிப் பாட வேண்டும். ஒரு மாணவி கட்டியது:

மங்கு கழுவி வச்சேன் மணி அஞ்சு ஆச்சு
மரத்துக்கு மரம் நடந்தேன் மகனுக்கு வயசாச்சு
வெட்டின மரம் சாய்ஞ்சு செம்பனையும் வந்தாச்சு
வெட்டின கை மட்டும் இன்னும் விடியலைத் தேடிப் போச்சு

எதுகை, மோனை, இயைபு மூன்றையும் இந்த நான்கு அடியிலேயே காட்டிக் கொடுக்கலாம், வேறு செய்யுளைத் தேட வேண்டாம். நான்காம் அடி எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் பாட்டிக்கு இப்போதும் விடியற்காலை நான்கரைக்கு விழிப்பு வந்துவிடுமாம், பெரட்டுக்குப் போகிற நேரம்.

இருபத்தெட்டு மாணவர்களில் பத்தொன்பது பேர் பதிவு கொண்டுவந்தார்கள். ஆறு தாலாட்டு, மூன்று நடவுப்பாட்டு (தோட்டத்தில் நெல் நட்டவர்கள் யாரும் இல்லை, ஊரிலிருந்து வந்த பாட்டு), இரண்டு ஒப்பாரி, மீதி எல்லாம் எம்.ஜி.ஆர். பாட்டு. எம்.ஜி.ஆர். பாட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன், பாட்டிகளுக்குப் பிடித்தது அதுதானே!

தாளம் போடும் அந்தப் பையன் மெர்லிமாவ் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கும் தன் அப்பாயியைப் பதிந்து வந்தான். ஏழு நிமிடம். தொடக்கத்தில் அவர் பெயர் சொல்கிறார், தன் அம்மா பெயரும் சொல்கிறார், பிறகு "இது போதுமாடா, டீச்சரு கேட்டுக்குவாங்களா?" என்கிறார். நான்காவது நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புலனத்தில் அனுப்பட்டுமா என்று கேட்டான். வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.